தொண்ணூற்றேழு சதவீதம்

தஸ்பீஹ் மணி ஒரு சுற்று வந்தால் மவுஸை ஒரு தடவை அசைத்துவிட வேண்டும். இது நானாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. என் மகள் ஜஸீலா பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்பும்போது சொன்னது வேறு. "அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா அசைச்சு விடு உம்மா. இல்லன்னா அது தூங்கிரும். அது தூங்குனா எறங்குறது நின்னுரும்" என்றாள். ஐந்து நிமிடத்தை நான் எங்கே போய்ப் பார்ப்பேன். கடிகாரம் அடுத்த அறையில். என் போனை அந்த லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும், அதிலிருந்துதான் அதற்கு நெட் போகிறது, எடுத்து நேரம் பார்க்கக்கூடப் பயமாக இருக்கிறது, எதையாவது அமுக்கி அறுத்துவிட்டால். மணி என் கையிலேயே இருக்கிறது. தொண்ணூற்றொன்பதும் உருண்டு தலைமணி விரலுக்கு வந்ததும் இடது கையால் மவுஸை ஒரு இழுப்பு. வெள்ளை அம்பு நகர்ந்தால் மெஷின் விழித்திருக்கிறது. அறுபத்திரண்டு புள்ளி நாலு. காலையில் எட்டு மணிக்கு ஆரம்பித்தது. நடுவில் குழம்பைக் கிளறிவிட்டு ஈரக்கையோடு ஓடி வந்தேன், மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது திரை கறுத்துக் கிடந்தது, தட்டி எழுப்பினேன், அது பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு எழுந்தது, பாவம், அதற்கும் வயசாகிவிட்டது. இப்போது நானும் அதுவும் ஒருவரை ஒருவர் தூங்கவிடாமல் உட்கார்ந்திருக்கிறோம். மேலப்பாளையத்து வெயில் ஜன்னலுக்கு வெளியே தகரத்தில் அடித்துத் திரும்புகிறது, தையல் மெஷின் பலகைமேல் லேப்டாப், அதன் வயிற்றுச் சூடு என் முகத்தில், தலைக்குமேல் காற்றாடி சுற்றுவதுபோல் பேருக்குச் சுற்றுகிறது. என் கண் சொக்குகிறது. அதை அசைத்துவிட நான் இருக்கிறேன். என்னை அசைத்துவிட ஆளில்லை. ஸுப்ஹானல்லாஹ். அறுபத்திரண்டு புள்ளி ஐந்து.

நாளைக் காலை பத்து மணிக்கு ஜஸீலாவுக்குப் பரீட்சை. டாக்டர்கள் பேசி வைத்திருப்பதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை, வீட்டில் இருந்தே செய்யலாம், பரீட்சையும் வீட்டில் இருந்தேதான், ஆனால் லேப்டாப்பை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இருப்பது என் மகன் மன்சூர் பாலிடெக்னிக்கில் படிக்கும்போது வாங்கியது. அவன் சவூதிக்கு, தம்மாமுக்குப் போய்ப் பதினோரு வருஷம், இது பீரோமேல் ஏறிப் பத்து வருஷம். திறந்தால் உயிர் வர இருபது நிமிடம் பிடிக்கிறது. அவள் டைப் அடித்தால், அடித்து முடித்து ஒரு மூச்சு விட்டபிறகு எழுத்து ஒவ்வொன்றாக வருகிறது, கதவைத் தட்டினால் சாவகாசமாக வந்து திறக்கிற வீடு மாதிரி. முந்தாநாள் மாதிரிப் பரீட்சை ஒன்று எழுதிப் பார்த்தாள். பாதியில் திரை நீலமாகி அணைந்துவிட்டது. மூடியை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. "இது கெடைச்சா நான் யார் வாயையும் பாத்துட்டு நிக்க வேண்டாம் உம்மா" என்று அதற்கு முந்தின வாரம் சொல்லியிருந்தாள். சின்னப்பிள்ளைப் பள்ளிக்கூடத்தில் மூக்குச் சிந்திவிட்டு, காலணி மாட்டிவிட்டு வருகிறாள், அது என்றைக்கு வேண்டாம் என்பார்களோ என்று பயந்துகொண்டே போகிறாள். வேறு லேப்டாப் யாரிடம் கேட்பது. கேட்டால் கொடுப்பார்கள், கொடுத்துவிட்டு, புருசனை விட்டுட்டு வந்த பிள்ளைக்குக் கொடுத்தோம் என்பார்கள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு இருப்பாள். அவளுக்கு அது பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை.

பழைய மெஷினுக்குள் இருப்பதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டால் இன்னும் நாலு வருஷம் ஓடும் என்று ஜஸீலாவே எங்கேயோ படித்திருந்தாள். ஆனால் எது, எந்த மாதிரி, எப்படி என்று தெரியவில்லை. தெரிந்த ஆள் எங்கள் வீட்டில் ஒருவன்தான். தம்மாமில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் நாளைக்கு இருபது மெஷினைப் பிரித்து மாட்டுகிறவன். "அவன்ட்ட மட்டும் கேக்காத" என்று அவள் சொன்னாள். முன்பெல்லாம் அண்ணனைக் காக்கா காக்கா என்று கூப்பிட்டு அவன் பின்னாலேயே அலைந்த பிள்ளை, இப்போது அவன். இரண்டரை வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை பார்த்தவனே மன்சூர்தான், அவன் ரூமிலேயே இருந்த கூட்டாளி, தொழுகையாளி, அமைதியானவன் என்றான். அமைதியானவன்தான், அடிக்கும்போதுகூடச் சத்தம் போடமாட்டான். ஜஸீலா ஜமாத்தில் போய் நின்று, குலா என்று அவளே கேட்டு விலக்கு வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு மன்சூர் போனில், "ரூம்ல என்னால தலை நிமிந்து நடக்க முடியல. இனிமே எனக்குத் தங்கச்சி இல்ல" என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவள் அடுப்படியில் இருந்தே, "அவன் கூட்டாளி மானம் பெருசு, என் முதுகு பெருசில்ல, வைக்கச் சொல்லு" என்றாள். வைத்துவிட்டான். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவே இல்லை. வாப்பா மவுத்தாகிப் போன வீட்டில் மிச்சம் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் பேசாவிட்டால் மூன்றாவது ஆள் என்ன செய்வாள், நடுவில் நடந்து நடந்து முட்டி தேய்வாள். மணி எங்கே விட்டேன். தலைமணி தாண்டிவிட்டது. அசைத்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். எழுபது.

அவனிடம் கேட்டுவிட்டேன். நேற்று அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து. "உன் தங்கச்சிதான் உன்ட்ட கேக்கச் சொன்னா வாப்பா" என்றேன். "அவளா கேட்டா?" என்றான். "ஆமா." "அவ வாயால, காக்காட்ட கேளுன்னு சொன்னாளா?" "சொன்னா." நான் இதைச் சொன்னபோது குளியலறையில் அவள் வாளியை இறக்கிவைத்த சத்தம் கேட்டது, எனக்கு நெஞ்சு அந்த வாளியோடு சேர்ந்து தரையில் இடித்தது. அவன், "அடியில ஸ்டிக்கர்ல என்ன எழுதிருக்குன்னு போட்டோ எடுத்து அனுப்பு" என்றான். பத்து நிமிடத்தில் ஏதோ நீளமாக நீல எழுத்தில் ஒன்றும், என்ன என்ன அமுக்க வேண்டும் என்று தமிழிலேயே எழுதி ஒன்றும் அனுப்பினான். நான் அதைப் பார்த்துப் பார்த்து இவளிடம், மஸ்தான் பாய் கடையில் கேட்டேன், கொடுத்தார்கள் என்றேன். "மஸ்தான் பாய்க்குப் போன்ல கண்ணாடி ஒட்டத்தான் தெரியும்னு நெனச்சேன்" என்றாள். என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் அவளுக்கு அவசரம், அமுக்கிவிட்டாள். நல்ல வார்த்தை சொல்லி இரண்டு பேரைச் சேர்த்து வைக்கிறவர் பொய்யர் ஆகமாட்டார் என்று ஹஜ்ரத் மேடையில் செய்த பயானில் கேட்டிருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்த இரண்டரை வருஷமும் ஓட்டுகிறேன். ஆனால் எத்தனை வரைக்கும் என்று ஹஜ்ரத் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஜும்ஆ மன்சூர் போன் பண்ணுவான். வைக்கப் போகும்போது, "தங்கச்சி சலாம் சொன்னா" என்பேன். "ம்" என்பான். வைத்ததும் இவளிடம், "காக்கா சலாம் சொன்னான்" என்பேன். இவளும் "ம்" என்பாள். ஒருத்தர் சொல்லிவிட்ட சலாமை இன்னொருத்தரிடம் சேர்க்காவிட்டால் அது கழுத்தில் கிடக்கும் என்பார்கள். யாருமே சொல்லாத சலாமைச் சேர்த்தால் அது யார் கழுத்தில் கிடக்கும். இப்போது இந்த லேப்டாப்பில் ஒரு பெரிய பொய்யைப் போட்டு ஓடவிட்டிருக்கிறேன். இது முடிந்து பரீட்சை நல்லபடியாக எழுதிவிட்டால், அவன் ஒரு நாள், நான்தானே அனுப்பினேன் என்பான், இவள், நான் எங்கே கேட்டேன் என்பாள். அன்றைக்கு அவர்கள் ஒருவரை ஒருவர் மட்டும் இல்லை, என்னையும் நம்பமாட்டார்கள். முடியாவிட்டால் பரீட்சை போச்சு. எழுபத்தாறு. எப்படிப் பார்த்தாலும் இந்த எண் ஏற ஏற எனக்கு நிம்மதியும் பயமும் சேர்ந்தே ஏறுகிறது.

இது எப்படி இறங்குகிறது என்று அவனிடம் கேட்டேன். ஒரே இடத்தில் இருந்து இறக்கினால் நம் வீட்டு நெட் பாதியில் அறுந்துபோனால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டி வருமாம். இது அப்படி இல்லையாம். "முப்பது ஜுஸ்உ பொட்டி இருக்குல்ல உம்மா, கத்தம் ஓதும்போது ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிடுவீங்கல்ல, முப்பது பேரும் ஓதி முடிச்சா ஒரு குர்ஆன் முடிஞ்சிரும்ல, அது மாதிரி. ஊர் ஊரா ஆளுக்கொரு துண்டு தர்றாங்க. நம்ம மெஷின் எல்லாத்தையும் வாங்கி வரிசைப்படுத்திக்கிடும்" என்றான். அவன் எனக்குச் சொல்லித் தருகிற விதம் அவன் வாப்பா மாதிரியே இருக்கும், எனக்குத் தெரிந்ததில் இருந்து ஆரம்பிப்பான். அந்தப் பெட்டியை நினைத்தால் எனக்கு அவன் வாப்பாவின் நாற்பதாம் நாள்தான் வருகிறது. தெருப் பெண்கள் எல்லாம் நடு அறையில் நெருக்கி உட்கார்ந்து ஆளுக்கொரு ஜுஸ்உவை மடியில் வைத்து முணுமுணுவென்று, தேனடை மாதிரி ஒரு சத்தம். பதினேழாவது ஜுஸ்உ ஜஸீலா கையில் இருந்தது. யாரோ தேத்தண்ணீர் கேட்டார்கள் என்று எழுந்து போனாள், அப்புறம் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். எல்லோரும் முடித்ததும் எண்ணிப் பெட்டியில் அடுக்கினார்கள், முப்பதும் இருந்தது, துஆ செய்தார்கள், நேர்ச்சைச் சோறு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொழுது சாய்ந்து, மஃரிபுக்கு அப்புறம் இவள் வந்து, "உம்மா நான் நாலு பக்கம்தான் ஓதுனேன்" என்று அழுதாள். லீவில் வந்திருந்த மன்சூர்தான், "அழாத, எடு" என்றான். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பக்கம் மாற்றிப் பக்கம் ஓதினார்கள். அவன் ஓதும்போது தப்பு விட்டால் இவள் தொடையில் ஒரு தட்டு தட்டுவாள். இவள் வேகமாக ஓதினால், "ரயிலா புடிக்கப் போற" என்பான். வாப்பா போய் நாற்பது நாள், அந்த வீட்டில் அன்றைக்குத்தான் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளைகள்தானே இவர்கள். அதே வாய்தானே. நான் எதையோ சரியாக வளர்க்கவில்லையா. யா ரப்பே, அசைக்க மறந்துவிட்டேன். இல்லை, விழித்துத்தான் இருக்கிறது. எண்பத்தெட்டு.

எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு அம்பு இருக்கிறது. கீழே பார்த்த அம்பு நமக்கு வருவது, மேலே பார்த்த அம்பு நம்மிடம் இருந்து போவது. காலையில் மேலே பார்த்த அம்புக்குப் பக்கத்தில் எண் ஓடுவதைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். வயதுப்பிள்ளை இருக்கிற வீட்டில் இருந்து என்ன போகிறது, யாருக்குப் போகிறது, படம் கிடம் ஏதாவது. ஜஸீலாவிடம் கேட்டதற்கு, "வாங்குன துண்டைத்தான் அடுத்தவங்களுக்கு நாமளும் குடுக்கோம் உம்மா, வேற ஒண்ணும் போகாது. நம்ம வீட்டுல கொண்டுபோக என்ன இருக்கு, உன் தஸ்பீஹா" என்றாள். அப்புறமும் ஒரு உறுத்தல். டோரண்ட் என்கிற இந்தப் பெயரை நான் முன்பே கேட்டிருக்கிறேன். மன்சூர் படிக்கும்போது இதே டோரண்டில்தான் சினிமா இறக்கினான், அவன் வாப்பா பார்த்துவிட்டு, அடுத்தவன் பொருள் ஹராம் என்று மூன்று நாள் அவனிடம் முகம் கொடுக்கவில்லை. நேற்று அதையும் கேட்டேன். "இது எழுதுனவங்களே எடுத்துக்கோங்க, எல்லாருக்கும் குடுங்கன்னு விட்டது உம்மா. ஹலாலுக்கு ஹலால்" என்றான். எழுதியவர்கள் யாரோ. ஒரு பெங்குவின் படம் போட்டிருக்கிறது, வெள்ளை வயிற்றைத் தள்ளிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த கல்யாண வீட்டு மாமா மாதிரி. யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதி, முகம் தெரியாதவர்களுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அதை முகம் தெரியாதவர்கள் துண்டு துண்டாக என் வீட்டுத் தையல் மெஷின்மேல் கொண்டுவந்து வைக்கிறார்கள். கேட்டால் கொடுக்கிறார்கள். யார் நீ, உன் முறை என்ன, அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று கேட்பதில்லை. என் கண் மூடுகிறது. மூடக்கூடாது. மூடிக்கொண்டே மணியை உருட்டலாம், தலைமணி வந்தால் விரலுக்குத் தெரியும். விரலுக்குத் தெரியும்.

விரலுக்குத் தெரியவில்லை. கழுத்து மடங்கி விழித்தபோது திரை கறுப்பு. மணி மடியில் இருந்து நழுவிக் காலடியில் கிடக்கிறது. மவுஸை இழுக்கிறேன், தட்டுகிறேன், பிஸ்மில்லாஹ் சொல்லித் தட்டுகிறேன், பெருமூச்சு, வெளிச்சம். தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. அல்ஹம்துலில்லாஹ். மணியை எடுத்து முத்தம் வைத்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன். ஒரு சுற்று. தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. இன்னொரு சுற்று. தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. கீழே பார்த்த அம்புக்குப் பக்கத்தில் சைபர். நான் தூங்கியதால்தான் நின்றுவிட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு மத்தியானம் விழித்திருக்க முடியவில்லை எனக்கு. போனைப் பார்க்கிறேன், நெட் கோடு எல்லாம் இருக்கிறது. திரையின் அடியில் ஒரு பட்டியல் இருக்கிறது, நமக்குத் துண்டு தருகிறவர்கள், காலையில் நீளமாக இருந்தது, இப்போது எட்டே வரி. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், இங்கிலீசு எழுத்துக் கூட்டித்தான் வரும், ஆனால் எண் தெரியும். ஒவ்வொரு வரியிலும் ஒரு எண். தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. எட்டு பேரிடமும் அதே எண். அப்படியென்றால் நான் தூங்கியதால் இல்லை. எல்லோருக்கும் அந்தக் கடைசித் துண்டுதான் இல்லை, முழுசாக வைத்திருந்த யாரோ மூடிவிட்டுப் போய்விட்டார், எட்டு ஊரில் எட்டு பேர் என்னை மாதிரியே இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரிடம் இல்லாததை இன்னொருவர் கொடுக்கலாம். எல்லோரிடமும் இல்லாததை யார் கொடுப்பது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் குட்டியாக ஒரு கொடி. ஒன்றும் தெரிந்த கொடியாக இல்லை. யாருக்கு நாளைக்குப் பரீட்சையோ. யார் மகளோ. அந்த எட்டு பேருக்கும் சேர்த்து ஒரு துஆ செய்தேன், பெயர் தெரியாததால் வரி வரியாகப் பார்த்துச் செய்தேன். பிறகு போனை எடுக்காமலே, அது இருந்த இடத்திலேயே குனிந்து மன்சூருக்கு வாய்ஸ் போட்டேன். "வாப்பா, தொண்ணூத்தேழுல நிக்குது. ரொம்ப நேரமா நிக்குது. முழுசா யார்ட்டயும் இல்ல போலருக்கு." கடையில் இருப்பான், கேட்டானா இல்லையா தெரியவில்லை, ஒற்றை டிக்கே நிற்கிறது. எனக்கு அலுத்துவிட்டது. இந்த எண்ணால் இல்லை. இவனுக்குச் சொல்ல ஒன்று, அவளுக்குச் சொல்ல ஒன்று என்று வார்த்தையை வேகவைத்து, கசப்பு வடித்து, ஆறவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து அலுத்துவிட்டது. இவர்கள் சொல்வதில் பாதியை நான் முழுங்குகிறேன், முழுங்கினது எல்லாம் இங்கே நெஞ்சுக்குழியில் இருக்கிறது, அதற்கு எந்த மாத்திரையும் கேட்கவில்லை. உனக்குத் தெரியும் ரப்பே. நான் யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்கால அஸர் பாங்கு சொல்லி முடிக்கும்போது ஜஸீலா வந்தாள். புர்காவைக் கழற்றிக்கொண்டே, "வந்துட்டா?" என்றாள். நான் திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள், பட்டியலை மேலும் கீழும் நகர்த்தினாள். "முழுசா வச்சிருக்க ஆளே இல்ல உம்மா. பழைய மெஷினுக்கு உண்டானது, இப்ப யாரு வச்சிருப்பா" என்றாள். பையில் இருந்து புதுப் பென் டிரைவை எடுத்து மெஷின் பலகையில் வைத்தாள், அதன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. "சரி. பரீட்சை எழுதலைன்னா செத்தா போயிருவோம். கொழம்பு என்ன?" என்றாள். "மீன்" என்றேன். "மண்டை எனக்கு" என்றாள். இதைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள், தோளைப் பார்த்தால் தெரிந்தது. நான் ஒன்றும் செய்யாமல் மவுஸை அசைத்தேன். வேறு என்ன செய்ய, அது ஒன்றுதான் இன்றைக்கு எனக்குத் தெரிந்த வேலை. அப்போது பட்டியலில் ஒன்பதாவதாக ஒரு வரி வந்தது. எண் நூறு. கீழே பார்த்த அம்பு ஓட ஆரம்பித்தது. தொண்ணூற்றேழு புள்ளி நாலு. மற்ற எட்டு வரியிலும் எண் அசைந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்ட மாதிரி. "ஏட்டி, ஏறுது" என்றேன். ஜஸீலா வந்து குனிந்தாள். அந்த வரிக்கு முன்னால் இருந்த கொடி அரிசி அளவுதான் இருக்கும், பச்சை, நடுவில் வெள்ளையாக ஒரு கீறல், அடியில் இன்னொரு கீறல். எனக்கு அது தெரியாமல் இருக்குமா. அந்த வெள்ளைக் கீறல் கலிமா. மன்சூர் அனுப்புகிற பேரீச்சம்பழப் பெட்டி முழுக்க அதுதான். அவளுக்கும் தெரியும். மெதுவாக, "மஸ்தான் பாய்க்குச் சவூதிலயும் கடை இருக்கோ" என்றாள்.

இருக்குமாயிருக்கும் என்று சொல்லலாம். சவூதியில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எவரோ ஒருவர் என்று சொல்லலாம். அவள் நம்பமாட்டாள், ஆனால் நம்பினது மாதிரி "ம்" என்பாள், அந்த "ம்"மை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டரை வருஷம் ஓட்டலாம். வாய்வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் வேறு வருகிறது. "காக்காட்டதான் கேட்டேன். நீ கேக்கச் சொன்னேன்னு சொல்லிக் கேட்டேன்" என்றேன். சொன்னதும் உடம்பு லேசாகவில்லை, இன்னும் களைப்பாகத்தான் இருந்தது, சுமையை இறக்கினால் தோள் முதலில் வலிக்கத்தானே செய்யும். ஜஸீலா என்னைப் பார்க்கவில்லை. கை நீண்டு மவுஸின்மேல் போய் நின்றது. மூடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு அமுக்கு, எல்லாம் போச்சு, பரீட்சை, அவன், எல்லாம். அவளுக்கு அந்தக் கோபம் உண்டு, கிடைக்கப் போவதைத் தட்டிவிட்டுப் பட்டினி கிடக்கிற கோபம், அவள் வாப்பாவுக்கும் இருந்தது. விரல் மவுஸின்மேலேயே இருந்தது. தொண்ணூற்றேழு புள்ளி எட்டு. அப்போதுதான் போன் அடித்தது. மன்சூர். அங்கே இப்போதுதான் மத்தியானம், கடை அடைத்துவிட்டு ரூமுக்கு வந்திருப்பான். போன் அடிக்க அடிக்கப் பலகை அதிர்ந்து பென் டிரைவ் நகர்ந்தது. ஜஸீலா, "எடு" என்றாள். நான் பச்சையை அமுக்கி ஸ்பீக்கரையும் அமுக்கினேன். "உம்மா, ஏறுதா? ஏங்கிட்ட பழைய ஹார்டு டிஸ்க்ல முழுசா கெடந்துச்சு, இப்பத்தான் தேடி எடுத்துத் தெறந்து விட்டேன்" என்றான். வேறு நாளாக இருந்தால் இந்த இடத்தில் நான் போனைக் கையில் எடுப்பேன். எடுத்து, தங்கச்சிக்கு ரொம்பச் சந்தோசம் என்பேன், இந்தப் பக்கம் திரும்பி இவளுக்குக் கண்ணைக் காட்டுவேன். எடுக்கவில்லை. கை மடியிலேயே கிடந்தது, எழும்ப மாட்டேன் என்றது. "எனக்கு அஸருக்கு நேரமாச்சு" என்று பொதுவாகச் சொன்னேன், அவனுக்கா, அவளுக்கா, எனக்கே தெரியாது. எழுந்தேன். முட்டி சொடுக்கியது. "உம்மா" என்று இரண்டு பேருமே கூப்பிட்டார்கள், ஒரே நேரத்தில், ஒன்று போனில் இருந்து, ஒன்று பக்கத்தில் இருந்து. நான் தொழுகைக்குக் கை கால் கழுவ, ஒளுச் செய்யப் போனேன்.

முசல்லாவை விரித்து, துப்பட்டியைப் போர்த்தி, தக்பீர் கட்டிவிட்டேன். கட்டிவிட்டால் பேசக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, யார் அழுதாலும் போய்த் துடைக்க முடியாது. அஸருக்கு நாலு ரக்அத், நாலு சுற்று. முதல் ரக்அத் முழுக்க நடு அறையில் சத்தமே இல்லை. வைத்துவிட்டான், அல்லது இவள் வைத்துவிட்டாள். நான் ஓதுகிறேன், ஓதுவது காதில் விழவில்லை. குனியும்போது அவன் குரல், "ஹலோ. உம்மா." கொஞ்சம் கழித்து இவள், "உம்மா தொழுறாங்க." ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தபோது தரை வழியாகவே வருகிற மாதிரி, "எவ்வளவு காட்டுது?" "தொண்ணூத்தெட்டு புள்ளி ஒண்ணு." "பென் டிரைவ் எத்தன ஜிபி?" "எட்டு." "போதும். முதல்ல அதைச் சுத்தமா அழிக்கணும்." "தெரியும்." "தெரிஞ்சா எதுக்கு ஏங்கிட்ட கேக்கச் சொன்ன?" யா அல்லாஹ். நான் நெற்றியை எடுக்கவில்லை. "நான் எங்க கேக்கச் சொன்னேன்" என்கிறாள். "கேக்கலயா?" "கேக்கல." ஸுப்ஹான ரப்பியல் அஃலா. ஸுப்ஹான ரப்பியல் அஃலா. எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை, எழுந்திருக்க வேண்டும், எழுந்தேன். "அப்பொ வாரா வாரம் சலாம் சொல்லிவிட்டது?" என்கிறான். "நான் எதுக்கு உனக்குச் சலாம் சொல்லிவிடுதேன். நீதான் வெள்ளிக்கிழமை தவறாம எனக்குச் சொல்லிவிட்டியாம்." "நானா?" பிறகு ஒரு நீளமான ஒன்றுமில்லாமை. அதற்குள் நின்றேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். வாய் தன்பாட்டுக்கு ஓதுகிறது, முதுகு முழுக்கக் காதாக இருக்கிறது, இப்படித் தொழுதால் கூடுமா ரப்பே, கூட்டிக்கொள். அங்கே மூக்கு உறிஞ்சுகிற சத்தம், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அவன்தான் முதலில், "முதுகுல இப்பொ வலி இருக்கா" என்கிறான். சொல்லமாட்டாள். சொல்லிவிடு பிள்ளை. நான் உட்கார்ந்து எழுந்தேனா. எழுந்தேன். "குளிர் காலத்துலதான்" என்கிறாள். ஸஜ்தாவுக்குப் போய் வந்து இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இது மூன்றா நாலா. இரண்டாவதில் உட்கார்ந்து அத்தஹிய்யாத் ஓதினேன், அது நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு ஒரு தடவை எழுந்தேனா, இரண்டு தடவையா. நடு அறையில், "ஏய், அந்த ரெண்டாவதை அமுக்காத, கிறுக்கி" என்கிறான் அவன். "நீ சொல்றதை ஒழுங்காச் சொல்லு மொதல்ல" என்கிறாள். சந்தேகம் வந்தால் குறைவான எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு ரக்அத் கூடத் தொழு என்பது சட்டம். எனக்கு வந்தது சந்தேகம்தானா என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். முட்டியில் கையை ஊன்றி எழுந்து நிற்கிறேன். அல்ஹம்து சூராவை ஆரம்பிக்கிறேன், ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக.